கட்டில் இடுக்கில் ஒரு தொல்லை

ஒருவரை ஓயாமல் நச்சரிப்பதை ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'பக்' என்பார்கள். இயந்திரத்தில் வரும் கோளாறுக்கும் அதே பெயர்தான். தாமஸ் எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் 1730-இல் ஜான் சவுத்தால் என்பவர் லண்டனில் 'பக்' பற்றித் தனி நூலே வெளியிட்டபோது, அவர் சொன்னது மூட்டைப்பூச்சியை. தொல்லை என்றால் அதுதான் தொல்லை!

இதற்குப் பறக்கவும் தெரியாது, தாவவும் தெரியாது. வளர்ந்த பூச்சியே அரை சென்டிமீட்டர் அளவுதான். உடம்பு தட்டை என்பதால், கட்டில் சட்டத்தின் மூட்டிலும் மெத்தையின் தையலோரத்திலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடக்கும். இரவில் நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவும் உடல் சூடும் அதை நம்மிடம் இழுத்து வருகின்றன.

அதன் ஊசி வாய்க்குள் இரண்டு குழல்கள் உண்டு. ஒன்றின் வழியே, இரத்தம் உறையாமலிருக்க எச்சிலை இறக்கும். மற்றொன்றின் வழியே இரத்தத்தை உறிஞ்சும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் வயிறு நிரம்பி, தட்டை உடம்பு உப்பிவிடும். பெரும்பாலும் கடிபடும்போது நமக்குத் தெரிவதில்லை. அரிப்பும் தடிப்பும் பிறகுதான் வரும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஐந்து முறை தோலுரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்கு இரத்தம் வேண்டும்.

மனிதன் சும்மா இருக்கவில்லை. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி மக்கள் பீன்ஸ் இலைகளைக் கட்டிலடியில் பரப்பி வைத்தார்கள். இலையின் கொக்கி போன்ற நுண்மயிர்கள் பூச்சியின் காலைக் குத்தி நிறுத்திவிடும். காலையில் இலைகளை வாரி எரித்துவிடுவார்கள். எவ்வளவு நுட்பமான கண்டுபிடிப்பு! பிறகு டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்தது. அதுவே தீர்வு என்று உலகம் நம்பியது. ஆனால் 1947-லேயே ஹவாயின் பேர்ல் ஹார்பர் படைக் குடியிருப்பில், அந்த மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள்.

ஒரு ஆறுதல்: கொசுவைப் போல இது மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் தூக்கம் போய்விடும், சொறிந்த இடம் புண்ணாகும்.

பழைய கட்டிலோ சோபாவோ வாங்குகிறவர்கள், வீட்டுக்குள் கொண்டுவருமுன் மூட்டுகளையும் தையலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பூச்சியின் எச்சமாக இருக்கலாம். படுக்கை விரிப்புகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். அந்தச் சூட்டில் முட்டைகூடத் தப்பாது.