பனி கிடந்தால் பனிமேலேயே நடங்கள்!

உத்தராகண்டின் ருத்ரப்பிரயாக் மாவட்டத்தில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சோப்தா. சில தாபாக்கள், வாடகைக்கு நிற்கும் கோவேறு கழுதைகள், அவ்வளவுதான் ஊர். அங்கிருந்து துங்கநாத் கோயிலுக்கு மூன்றரை கிலோமீட்டர்தான். ஆனால், வழி முழுக்க ஏறியாக வேண்டும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போனால், காட்டில் பூக்காலமும் உச்சியில் குளிர்காலமும் ஒரே நாளில் கிடைக்கும்.

முதலில் வருவது காடு. பாசி போர்த்திய கர்சு ஓக் மரங்கள், நடுநடுவே கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும் புராஞ்ச். உத்தராகண்டின் மாநில மரம் அது. நீலகிரிக்காரர்களுக்கு இந்தப் பூ புதிதல்ல. நம் சோலைகளில் பூக்கும் காட்டுப்பூவரசு இதே இனத்தின் தெற்கத்திக் கிளை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தூரம் கிடக்கிறது என்று நினைத்தால் வியப்பு அடங்காது.

சுமார் 3,300 மீட்டரில் மரங்கள் முடிகின்றன. அதற்கு மேல் கார்வாலி மக்கள் ‘புக்யால்’ என்று சொல்லும் புல்வெளி. வெயில் படாத சரிவுகளிலும் பள்ளங்களிலும் பனி இன்னும் கிடக்கிறது. அந்தப் பனியின் ஓரத்தில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். மேல்பரப்பில் காய்ந்த இலைத்துணுக்கும் தூசியும். அடியில் விரல் நுழையும் இடைவெளி, அதற்குள் சொட்டுச் சொட்டாய் நீர். பனி விலகி ஒரு முழம் தள்ளி, பழுப்புப் புல்லுக்கு நடுவே ஊதா நிறப் பிரிமுலா பூத்தே விட்டது!

அவசரம் அதற்கு. இங்கே செடிகளுக்கு வளரக் கிடைப்பது ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரைதான். அதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடித்தாக வேண்டும். பனி உருகும் நாட்களில் மண் ஊறிக் குழைந்திருக்கும். அதில் பூட்ஸ் கால் பதிந்தால் முளையும் நசுங்கும், வேரோடு மண்ணும் பெயரும். பிறகு ஜூலை மழை அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும்.

நம்மில் பலர் செய்வது இதைத்தான். கல் பாவிய பாதையில் பனி மறித்தால், வழுக்குமே என்று புல்லில் இறங்கிச் சுற்றிப் போகிறோம். ஒருவர் போன தடத்தில் அடுத்தவர், அவர் பின்னால் ஒரு கூட்டம். ஒரு சீசனில் புதுப் பாதையே விழுந்துவிடுகிறது. பனிமேல் நடந்தால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது; நம் கால்தடமும் பனியோடு உருகிவிடும்.

அதற்குப் பனியின் நேரம் தெரிய வேண்டும். இரவில் இறுகிய பனி விடியற்காலையில் கண்ணாடியாய் வழுக்கும். பூட்ஸில் மாட்டும் முள்பட்டை அவசியம். வெயில் ஏறியதும் மேற்பரப்பு இளகிக் கால் பிடிக்கும். நண்பகலுக்குப் பின் முழங்கால் வரை புதையும். பாறையோரங்களிலும் ஓடைகளுக்கு மேலும் அடியில் உருகிப் பொள்ளலாக இருக்கும். கோலால் குத்திப் பார்த்தே கால் வைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது. பனி திருப்பி அடிக்கும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும்.

துங்கநாத், சிவனின் ஐந்து தலங்களான பஞ்ச கேதாரங்களில் ஒன்று. குளிர்காலம் முழுக்க உற்சவ மூர்த்தி கீழே மக்குமட் கிராமத்தில்தான் இருக்கிறார். ஏப்ரல் கடைசி, மே வாக்கில் நடை திறக்கும்போதுதான் மேலே வருகிறார். சுவாமியே பனி விலகக் காத்திருக்கும் மலை இது. மேலே சந்திரசிலா உச்சிக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் எதிரே நிற்கும். இந்த முகட்டில் உருகும் நீர் ஒருபுறம் மந்தாகினிக்கும் மறுபுறம் அலக்நந்தாவுக்கும் போய், ருத்ரப்பிரயாகில் ஒன்று சேர்ந்து கங்கைக்கு இறங்குகிறது.

சரிவு செங்குத்தாக இருந்து, பனியும் இறுகியிருந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். நடக்க முடிந்த இடத்தில் பனிமேலேயே நடங்கள். முடியாத இடத்தோடு நம் பயணம் முடிகிறது. உச்சியைப் பார்க்க அடுத்த வருஷம் வரலாம். பிரிமுலாவுக்கு இந்த வருஷம் இந்த ஒரு பருவம்தான்.