டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க பாஸ்!

ஹாஸ்டல் ரூம்ல கட்டிலுக்கு அடியில ஒரு ஷூ டப்பா. உள்ளே பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட், டூர் போனப்ப வாங்கின சாக்லேட் பேப்பர்... அம்மா பார்த்தா 'குப்பை'ம்பாங்க. நமக்கு அது மெமரீஸ்! அந்தக் குப்பையை வெட்டி, அழகா அடுக்கி ஒட்டினா... கொலாஜ்!

'ஒட்டுவது' என்ற பிரெஞ்சு வார்த்தையில இருந்து வந்த பேர் இது. 1912-ல் பிகாசோவும் பிராக்கும் ஓவியத்துல காகிதத்தை ஒட்டி ஆரம்பிச்சு வெச்சாங்க. ஆனா, டிக்கெட்டுக்கே கௌரவம் வாங்கிக் கொடுத்தவர், ஜெர்மனியின் கூர்ட் ஷ்விட்டர்ஸ். முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட ட்ராம் டிக்கெட், தபால்தலை, மிட்டாய் உறைனு பொறுக்கி ஒட்டினார். 'கொமெர்ஸ்' என்ற அச்சு வார்த்தையை அவர் வெட்டினப்ப மிஞ்சினது 'மெர்ஸ்'. 1919-ல் தன் கலைக்கு அதையே பேரா வெச்சுட்டார்!

நாஜிகளுக்கு இந்தக் கலை பிடிக்கலை. 1937-ல் நார்வே, 1940-ல் பிரிட்டன்னு ஓடினார் மனுஷன். ஹானோவர் வீட்டுக்குள்ள பல வருஷமா அவர் கட்டின 'மெர்ஸ்பாவ்', 1943 குண்டுவீச்சில் தரைமட்டம். ஆனா, தம்மாத்தூண்டு டிக்கெட் ஒட்டின படங்கள் இன்னிக்கும் மியூசியங்கள்ல பத்திரமா இருக்கு!

இப்ப என் சோகக் கதை. தாத்தாவோட கடைசியா ராமேஸ்வரம் போன பஸ் டிக்கெட்டை பர்ஸ்ல வெச்சிருந்தேன். அவர் இறந்து ஒரு வருஷம் கழிச்சு, கொலாஜ் பண்ணலாம்னு எடுத்தா... வெறும் வெள்ளைத் தாள்! மெஷின்ல வர்றது தெர்மல் பேப்பராம். அதுல மை கிடையாது. சூடு பட்டா கறுக்குற ரசாயனப் பூச்சு மட்டும்தான். வெயில், வியர்வை பட்டா எழுத்து காணாமப் போயிடும். ஆனா, கேட்ல கொடுக்காம தாத்தா டிரங்குப் பெட்டியில ஒளிச்சு வெச்சிருந்த மீட்டர்கேஜ் காலத்து அட்டை டிக்கெட்ல ஊர்ப் பேர் பளிச்!

பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட டிப்ஸ் இதோ...

* தெர்மல் டிக்கெட்டை அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க.

* பழைய லெட்டர், அட்டை டிக்கெட் ஒரிஜினல்ல கத்தரி வைக்காதீங்க. கலர் ஜெராக்ஸ் போதும்.

* நியூஸ் பேப்பர்ல லிக்னின் இருக்கு. சீக்கிரமே மஞ்சளாகி நொறுங்கும். அதுக்கும் ஜெராக்ஸ்தான்.

* முதல்ல ஒட்டாம அடுக்கிப் பாருங்க. செல்போன்ல ஒரு க்ளிக். அப்புறம் பசை.

* ஃபெவிகால்ல கொஞ்சம் தண்ணி கலந்து, பிரஷ்ஷால மெல்லிசா தடவுங்க. அப்பினா சுருங்கிடும். மேலே பட்டர் பேப்பர், அதுக்கு மேலே குண்டு இன்ஜினீயரிங் புக். ராத்திரி முழுக்க இருக்கட்டும். புக்குக்கும் ஒரு யூஸ்!

* செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். பின்னாடி கறை விழும்.

'எனக்கு வரைய வராதே'னு கவலையா? இன்ஜினீயரிங் டிராயிங்ல அரியர் வெச்ச நானே பண்ணிட்டேன். நடுவுல அட்டை டிக்கெட் ஜெராக்ஸ். பக்கத்துலயே அந்த வெள்ளை டிக்கெட். ரூமுக்கு வர்றவன் எல்லாம், 'இது என்னடா, ஒண்ணுமே இல்லை?'னு கேட்கிறான். 'அதுதான்டா எங்க கடைசி ட்ரிப்'னு சொல்றேன்.

உங்க டப்பாவை இன்னிக்கே திறங்க மக்கா... எழுத்து இருக்கும்போதே!