அரசுப் பணத்தில் சேரும் புள்ளிகள்; மும்பையில் ஓர் இலவச இரவு

புது தில்லி: வார இறுதியில் மும்பைக்குத் தனியாகச் சென்று, நட்சத்திர ஹோட்டலில் ஓரிரு இரவுகள் தங்கிவிட்டு, அறை வாடகையாக ஒரு பைசாகூடத் தராமல் திரும்புவோர் இருக்கின்றனர். அவர்கள் யாருடைய விருந்தினரும் அல்லர். ஆண்டு முழுவதும் அலுவல் பயணங்களில் தங்கிய அறைகளுக்காக, ஹோட்டல் நிறுவனம் தங்கள் பெயரில் வரவு வைத்த 'ரிவார்டு பாயிண்ட்' எனப்படும் புள்ளிகளைக் கொடுத்து அறையைப் பெற்றவர்கள். தனியார் நிறுவன அதிகாரி இதைச் செய்தால், அது அவருக்கும் அவரது நிறுவனத்துக்கும் இடையிலான விஷயம். அரசு அதிகாரியோ மக்கள் பிரதிநிதியோ செய்தால்?

இந்தக் கேள்வியால் ஜெர்மனியில் பதவிகள் பறிபோயின. அமெரிக்கா தனியாகச் சட்டம் இயற்றி அனுமதி அளித்தது. இந்தியாவோ பாதிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வைத்திருக்கிறது.

எப்படிச் சேர்கின்றன புள்ளிகள்?: விமான நிறுவனங்களில் இந்தப் பழக்கத்தை 1981-இல் பரவலாக்கியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். இரண்டு ஆண்டுகளில் ஹாலிடே இன், மேரியட் ஆகியவை ஹோட்டல்களுக்கும் அதைக் கொண்டு வந்தன. 2019-இல் 'போன்வாய்' என்ற பெயர் பெற்ற மேரியட் திட்டத்தில் இன்று உலகெங்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். இந்தியாவில் டாடா குழுமம் 2022 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் ஒரு 'நியூகாயின்' ஒரு ரூபாய்க்குச் சமம். தாஜ் குழும ஹோட்டல்களிலும் அது செல்லும்.

கணக்கு எளிது. செலவழித்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய் மதிப்புள்ள புள்ளிகள் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ரூ.7,500 வாடகையில் 20 இரவுகள் தங்கினால் பில் ரூ.1.5 லட்சம், புள்ளிகளின் மதிப்பு ரூ.7,500. அதாவது, வேலைக்காகத் தங்கிய 20 இரவுகளுக்குச் சொந்தமாக ஓர் இரவு. பில்லைச் செலுத்தியவர் யார் என்று ஹோட்டல் பார்ப்பதில்லை. அறையில் தூங்கியவரின் பெயரைத்தான் பார்க்கிறது. புள்ளிக் கணக்கும் தனிநபர் பெயரில்தான் தொடங்கப்படுகிறது.

இதில் ஹோட்டல்களின் தர்ம சிந்தனை எதுவும் இல்லை. பயன்படுத்தப்படாத புள்ளிகள் காலாவதியாகும். மேரியட் திட்டத்தில் 24 மாதங்கள் எந்த நடவடிக்கையும் இல்லாத கணக்கின் புள்ளிகள் போய்விடும். ஓர் இரவுக்கு இத்தனை புள்ளிகள் என்ற நிலையான அட்டவணையையும் அந்நிறுவனம் 2022 மார்ச்சில் கைவிட்டுவிட்டது. நாளுக்கு நாள் விலை மாறும் நாணயத்தைச் சேமிப்பதாகத்தான் இதைக் கருத வேண்டும்.

தனியாகப் பயணம் செய்வோருக்கு இந்தப் புள்ளிகளால் கூடுதல் அனுகூலம் உண்டு. ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் அறை வாடகை ஏறக்குறைய ஒன்றே என்பதால், தனியாள் எப்போதும் இரண்டாவது நபரின் பங்கையும் சேர்த்தே கொடுக்கிறார். புள்ளிகளில் எடுக்கும்போது அந்த வலி தெரிவதில்லை. அலுவலக நகரமான பாந்த்ரா - குர்லா வளாகத்தில் வார நாள்களில் நிரம்பும் அறைகள் சனி, ஞாயிறுகளில் சற்று எளிதாகக் கிடைப்பதும் வசதி. தனியாக வருவோரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்து, "குடும்பம் வரவில்லையா?" என்று கேட்கும் சிறிய லாட்ஜ்களின் விசாரணையும் இங்கு இல்லை. தனியே பயணம் செய்யும் பெண்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

மாதுங்காவில் ஒரு சனிக்கிழமை: தமிழர் ஒருவருக்கு அந்த ஓர் இரவு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை மும்பையின் வரைபடமே சொல்லும். பாந்த்ரா - குர்லா வளாகத்திலிருந்து மாதுங்கா எட்டும் தூரம். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸில் காலைச் சிற்றுண்டி. 1942-இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி கிருஷ்ணா போர்டிங்கில் மதியம் இலைச் சாப்பாடு. இடையில் ஆஸ்திக சமாஜம் கோயிலின் அருகே பூச்சரமும் வாழையிலையும் விற்கும் கடைகள். ஊரில் சமைத்துப்போட ஆளை விட்டுவிட்டு, வேலைக்காகத் தனியே வந்த தென்னிந்திய குமாஸ்தாக்களின் பசியால் வளர்ந்த உணவகங்கள் இவை. அன்றைய தனியாளின் விட்ட இடம் இன்றைய தனியாளுக்குச் சுற்றுலாத் தலம்.

மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையம் 2017-இல் நாட்டிலேயே முதன்முறையாக முழுவதும் பெண் ஊழியர்களைக் கொண்டு இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கிழக்கே சென்றால் செம்பூர். சேடா நகரில் படியேறிச் சென்றால் முருகன் கோயில்; தமிழர்கள் அதைத் திருச்செம்பூர் என்றே அழைக்கின்றனர். மாலையில் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி இருந்தால் இன்னும் நல்லது. ஓர் இரவும் ஒன்றரை நாளும் இதற்குப் போதும்.

இந்த இன்பத்தில் குற்றம் காண ஒன்றுமில்லை. அந்த இரவை ஈட்டிக்கொடுத்த 20 இரவுகளின் பில்லை யார் கட்டினார்கள் என்பதே கேள்வி.

குறிப்பாணை சொல்வது என்ன?: ஏழாவது ஊதியக் குழு பரிந்துரைகளை ஏற்று, மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13-இல் பயணப்படி குறித்த குறிப்பாணையை வெளியிட்டது. அலுவல் பயணத்துக்காக வாங்கிய டிக்கெட்டுகளில் சேரும் மைலேஜ் புள்ளிகளை, அந்தத் துறை தனது அதிகாரிகளின் வேறு அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை உண்டு என்கிறது அது. அரசு செலவழித்த பயணத்தின் பலன் அரசுக்கே சேர வேண்டும் என்று காரணமும் கூறப்பட்டிருக்கிறது.

கொள்கை தெளிவானது. ஆனால், குறிப்பாணை பேசுவது டிக்கெட்டைப் பற்றி மட்டுமே. அதே ஆவணம், ஊதிய நிலை 14-உம் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்கு, அதாவது இணைச் செயலர் அந்தஸ்திலிருந்து, நாளொன்றுக்கு ரூ.7,500 வரை ஹோட்டல் கட்டணம் அனுமதித்தது. அந்த அறையில் சேரும் புள்ளிகள் பற்றி அதில் பேச்சில்லை. காரணம் டிக்கெட்டுக்குப் பொருந்துமானால் அறைக்கும் பொருந்தும். எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

மைலேஜ் புள்ளிகளிலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. கணக்கு அதிகாரியின் பெயரில், கடவுச்சொல் அவரிடம், ஓய்வு பெற்றாலும் கணக்கு அவருடனே செல்கிறது. உரிமை அரசுடையது, சாவி அதிகாரியிடம் என்ற நிலையில், விதியைக் கடைப்பிடிப்பது பெரும்பாலும் அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

குறிப்பாணை அரசு ஊழியர்களுக்கானது. எம்.பி.க்களின் பயணம் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணங்கள் அவர்களுக்கு உண்டு.

பெர்லினும் வாஷிங்டனும்: 2002 ஜூலையில் ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழ், அரசுமுறைப் பயணங்களில் சேர்ந்த லுஃப்தான்ஸா புள்ளிகளைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய அரசியல்வாதிகளின் பெயர்களை வெளியிட்டது. பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிர், மக்கள் தொடர்பு ஆலோசகர் ஒருவரிடம் கடன் வாங்கிய விவகாரமும் சேர்ந்துகொள்ள, கட்சியின் உள்துறை விவகாரச் செய்தித் தொடர்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சராக இருந்த கிரிகோர் கீஸி அதே மாத இறுதியில் பதவி விலகினார். பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. இருவரும் பின்னாளில் அரசியலுக்குத் திரும்பினர். ஓஸ்டெமிர் 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சராகவே ஆனார். ஆனாலும், சில டிக்கெட்டுகளின் மதிப்புக்காகப் பதவி விலகும் வழக்கம் உள்ள நாட்டைப் பார்த்து இங்குள்ளவர்கள் வியந்தால் தவறில்லை.

அமெரிக்கா நேர் எதிர்த் திசையில் சென்றது. அதற்கு ஏழு மாதங்கள் முன்பு, 2001 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு நிதி அங்கீகாரச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, அரசுப் பயணத்தில் கிடைக்கும் புள்ளிகளை ஊழியர்களே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதுவரை அவை அரசுச் சொத்தாகவே கருதப்பட்டன.

தில்லியில் ஹோட்டல் அறை அரசியலாக மாறியது 2009 செப்டம்பரில். அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவும் இணை அமைச்சர் சசி தரூரும் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் தங்கியிருந்தது சர்ச்சையாகி, நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜியின் அறிவுரைக்குப் பின் இருவரும் வெளியேறினர். சொந்தப் பணத்தில்தான் தங்கினோம் என்பது இருவரின் விளக்கம். சில நாள்களில் சோனியா காந்தி சாதாரண வகுப்பில் மும்பைக்குப் பறந்தார். சிக்கனம் அந்த மாதத்தின் தலைப்புச் செய்தி. அமைச்சர் எங்கே தங்கினார் என்று கேட்ட அரசியல், தங்கியதால் சேர்ந்தது எங்கே போனது என்று கேட்கவில்லை.

ஆயிரம் ரூபாய் அறை: 2017 குறிப்பாணையின் அட்டவணையில் மேலிருந்து கீழே வந்தால், ஊதிய நிலை 5-உம் அதற்குக் கீழும் உள்ள எழுத்தர், கடைநிலை ஊழியர்களுக்கு நாளொன்றுக்கு ரூ.450. நிலை 6 முதல் 8 வரை ரூ.750. மும்பை போன்ற 'எக்ஸ்' வகை நகரங்களில், நிலை 8 வரை உள்ள அனைவருக்கும் ரூ.1,000 வரை தரலாம். ஆனால் பில் காட்ட வேண்டும். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது ஹோட்டல் கட்டண உச்சவரம்பும் 25 சதவீதம் உயரும் என்ற ஏற்பாடு உண்டு. 2024 ஜனவரிக் கணக்கில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டது. கால் பங்கைக் கூட்டினாலும் ரூ.1,250-தான். மாதுங்காவிலோ செம்பூரிலோ இந்தத் தொகைக்கு எந்த மாதிரி அறை கிடைக்கும் என்பது அந்தப் பகுதிகளில் லாட்ஜ் தேடியவர்களுக்குத் தெரியும். புள்ளி தரும் ஹோட்டல் எதுவும் இந்த வரம்புக்குள் வருவது அரிது.

இந்த ஆயிரம் ரூபாய் அறைக்கு ஒரு வரிக் கதையும் உண்டு. 2022 ஜூன் இறுதியில் சண்டீகரில் கூடிய 47-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில், நாள் வாடகை ரூ.1,000 வரையிலான அறைகளுக்கு இருந்த வரி விலக்கை நீக்கி 12 சதவீத வரி விதிக்க முடிவு செய்தது. அது நடைமுறைக்கு வந்த ஜூலை 18 அன்றே நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரும் தொடங்கியது. விலைவாசி உயர்வுக்கு எதிராக முழக்கமிட்டதற்காக ஜூலை 25-இல் மக்களவையில் மாணிக்கம் தாகூர், ஜோதிமணி உள்ளிட்ட நான்கு காங்கிரஸ் எம்.பி.க்களும், மறுநாள் மாநிலங்களவையில் திமுகவினர் உள்பட 19 எம்.பி.க்களும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பதாகைகளில் முன்னின்றவை தயிரும் அரிசியும். விடுதி அறை பற்றிப் பெரிதாகக் குரல் எழுந்தது பஞ்சாபிலிருந்து. அமிர்தசரஸ் பொற்கோயில் சத்திரங்களுக்கும் வரியா என்று எதிர்ப்புக் கிளம்ப, மத, அறக்கட்டளைகள் நடத்தும் ரூ.1,000-க்குக் குறைந்த அறைகளுக்கு விலக்கு தொடர்கிறது என்று ஆகஸ்டில் விளக்கம் அளிக்கப்பட்டது. லாட்ஜுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது; ஆயிரம் ரூபாய் அறையும் ஏழாயிரம் ரூபாய் அறையும் இப்போது ஒரே வரி விகிதத்தில் நிற்கின்றன.

மித்திக்கு அக்கரை: பாந்த்ரா - குர்லா வளாகத்தின் உயரமான அறை ஜன்னல்களிலிருந்து பார்த்தால், மித்தி ஆற்றுக்கு அப்பால் தெரிவது தாராவி. 2025 மே மாதம் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ மூன்றாவது தடத்தில் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் ஊர் அது. தமிழகத்திலிருந்து வேலைக்கோ, வழக்குக்கோ, மருத்துவமனைக்கோ மும்பை வரும் எளியவர்களுக்கு இன்றும் முதல் முகவரி, அங்கே மாடியறையில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் அல்லது ஊர்க்காரர். இங்கு ஊர்ப் பெயரே உறுப்பினர் அட்டை.

அந்த மாடியறைகளின் எதிர்காலம் இப்போது உறுதியாக இல்லை. அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் இணைந்து மேற்கொள்ளும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே, தவணைக் கொள்முதல் முறையில் வீடு தரப்படும் என்பதே ஏற்பாடு. விருந்தாளி பாய் விரிக்கும் இடம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

2017 குறிப்பாணையில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. நிலை 8 வரையிலான ஊழியர்கள் தங்கள் அடிப்படை வரம்புக்குள் பில் இல்லாமலே தங்குமிடச் செலவைக் கோரலாம். அதற்கு, எத்தனை நாள் தங்கினார், தங்கிய இடத்தின் பெயர் என்ன என்று அவரே சான்றளித்து எழுதித் தர வேண்டும். மும்பைக்கு அலுவல் பயணம் வந்து, 450 ரூபாய்க்கு அறை கிடைக்காமல் சித்தப்பா வீட்டு மாடியில் படுத்தெழும் எழுத்தர், சனிக்கிழமை ரயில் ஏறுவதற்கு முன் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று யோசித்தாக வேண்டும்.