வண்டியின் பின்புறத்து அரைப்பொலி

மோட்டார் வண்டியின் பின்புறத்திலிருந்து கறகறவென்று ஓர் அரைப்பொலி எழுமாயின், சாரதிகளுட் பலர் இருவகையுள் ஒன்றையே செய்வர். ஒரு சாரார் வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியின் ஓசையைச் சற்றுக் கூட்டி வைப்பர். மற்றொரு சாரார் நேரே கராஜுக்குச் சென்று, "பின்னாலே ஏதோ சத்தம் கேட்கிறது" என்று மட்டும் சொல்லி வண்டியை ஒப்படைத்துவிட்டு வருவர். முன்னையது ஆபத்து, பின்னையது வீண்செலவு. "ஏதோ சத்தம்" என்று மட்டும் கேள்விப்பட்ட திருத்துநர், ஐயத்துக்கிடமான பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்க்க நேரும். ஓசை எத்தகையது என்பதினும், அஃது எப்பொழுது பிறக்கிறது, எப்பொழுது மாறுகிறது, எப்பொழுது அடங்குகிறது என்பதே குற்றத்தை அறிதற்குரிய வழியாகும். அதனை நன்கு அறியவல்லவர் அவ்வண்டியை நாள்தோறும் செலுத்துபவரே.

பழைய மொறிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்டு, இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் அவ்வண்டியில் எஞ்சின் முன்னே இருக்கிறது. வண்டியை ஓடச்செய்பவையோ பின் சில்லுகள். கியர்ப் பெட்டியிலிருந்து புறொப்பெல்லர் ஷாப்ட் எனப்படும் ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடிப்புறமாகப் பின்னோக்கி வருகிறது. பின் அச்சின் நடுவே உருண்டு திரண்டிருக்கும் டிபரென்ஷல் என்னும் பற்சில்லுப் பெட்டி, அத்தண்டின் சுழற்சியை ஏற்று, இருபுறத்து அரைத்தண்டுகள் வாயிலாகச் சில்லுகளுக்குப் பங்கிடுகிறது. அச்சின் இரு முனைகளிலும் சில்லைத் தாங்கும் பேரிங்கும், சில்லின் உட்புறத்தே பிரேக் டிரம்மும் உண்டு. ஆகவே அரைப்பொலியின் பிறப்பிடத்தை இந்நான்கினுள்ளே முதலில் தேடுதல் வேண்டும். இக்காலத்துச் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றை முன் சில்லுகளே இழுத்துச் செல்வதால், அவற்றின் பின்புறத்திலே டிபரென்ஷலும் நீண்ட தண்டும் இல்லை. பிரேக்கும் பேரிங்குமே எஞ்சும். அவ்வகையில் இக்காலத்துச் சாரதிக்கு வேலை பாதி குறைந்துவிட்டது எனலாம்.

முதற் சோதனைக்கு எவ்வித ஆயுதமும் வேண்டுவதில்லை. சந்தடியற்ற சமதளமான வீதியொன்றில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மனிதர் நடக்கும் வேகத்திலே வண்டியைச் செலுத்துதல் வேண்டும். அவ்வேகத்தில் மைனரின் சில்லு நான்கு வினாடிகளுக்கு ஏறத்தாழ மூன்று முறை சுழலும். 1956 இல் வெளிவந்த மைனர் 1000 வண்டியில், சில்லு ஒருமுறை சுழல நீண்ட தண்டு நாலரை முறை சுழலும்படி பற்சில்லுகள் அமைந்திருந்தன. எனவே, விட்டுவிட்டுக் கேட்கும் உரசலை வாயால் எண்ண முடிகிறதாயின், அது சில்லோடு சேர்ந்து சுழலும் பொருளிலே பிறப்பது. எண்ணுதற்கியலாதபடி விரைந்து கேட்பின், நீண்ட தண்டையும் அதன் மூட்டுகளையும் ஐயுறலாம். பின் ஆசனத்தில் ஒருவரை இருத்திக் கேட்கச் செய்வது நல்லது. எனினும், வலப்புறமா இடப்புறமா என்பதில் செவியை முழுதும் நம்புதல் ஆகாது. வண்டியின் தகட்டுடல் ஓசையை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குக் கடத்திவிடும்.

பிரேக் மிதியை மிதிக்கும்போது அரைப்பொலி பிறந்து அல்லது மிகுந்து, காலை எடுத்ததும் தணிகிறதா? அங்ஙனமாயின் பெரும்பாலும் பிரேக் லைனர் தேய்ந்துவிட்டதென்பதே பொருள். டிரம்மின் உள்ளே பிறைவடிவான இரண்டு இரும்புத் தாங்கிகள் உண்டு. இவற்றையே பிரேக் ஷூ என்பர். இவற்றின் மேல் ஒட்டியோ ஆணி அறைந்தோ பொருத்தப்பட்ட லைனர்தான் டிரம்மைப் பற்றிச் சில்லை நிறுத்துகிறது. லைனர் தேயத் தேய ஆணித்தலைகள் வெளிப்பட்டு டிரம்மை உழத் தொடங்கும். அதன் பின்னரும் ஓட்டினால் இரும்போடு இரும்பு அரைபட்டு டிரம்மில் சால் விழும். முதல் வாரத்தில் லைனரோடு முடிந்திருக்கவேண்டிய செலவு, அடுத்த மாதம் டிரம்மையும் சேர்த்துக்கொள்ளும். செலவாவது தாங்கத்தக்கது. 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கண்டி நோக்கி இறங்கும் வண்டியில், குடும்பத்தோடு பயணம் செய்பவர், லைனர் இல்லாத சில்லை நம்பி வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிப்பதன் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். இறக்கம் முழுவதும் தாழ்ந்த கியரிலே வருபவருக்கு ஆபத்துக் குறையும், ஆயினும் நீங்காது.

மழையில் நனைந்து இரவு முழுதும் நின்ற வண்டி, காலையில் முதல் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடிக்கும்போது மட்டும் கரகரப்பின், அது டிரம்மில் படிந்த மெல்லிய துரு உரிபடும் ஓசையாகும். அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. தகட்டுக்கும் டிரம்முக்குமிடையே சிறு கல்லொன்று அகப்பட்டு, பேரொலி எழுப்பி, உரிமையாளரைக் கலங்கச் செய்வதும் உண்டு. புகைக்குழாயின் பிடி தளர்ந்து அச்சில் முட்டுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பிரேக்கோடு தொடர்பில்லாமல், வேகம் கூடக் கூட உயரும் முழக்கம் பேரிங்குக்கு உரியது. இதனை வளைவிலே சோதித்தறியலாம். வண்டி இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறச் சில்லின்மேற் சாயும். அப்பொழுது முழக்கம் மிகின் வலப்புறப் பேரிங்கை ஐயுறவேண்டும். வலப்புறம் திரும்பும்போது இதற்கு மாறாகக் கொள்க.

டிபரென்ஷலின் குற்றமோ அக்சிலரேட்டர் மிதிக்குக் கட்டுப்பட்டது. ஒரே வேகத்தில் ஓடும்போது மிதியை அழுத்தினால் ஒரு குரலிலும், விட்டால் வேறொரு குரலிலும் ஊளையிடுவது பற்சில்லுகளின் இயல்பு. எண்ணெய் வற்றியிருத்தல் இதற்கு ஒரு காரணம். எண்ணெயை வடித்துப் பார்க்கையில் இரும்புத் துணுக்குகள் மின்னுமாயின், எண்ணெய் மாற்றுவதோடு தீராது. எண்ணெயை அளவுக்கு மிஞ்சி நிரப்புதலும் தவறு. மிஞ்சிய எண்ணெய் அச்சின் முனைவழியே கசிந்து பிரேக் லைனரை நனைத்துவிடும். ஒன்றைத் திருத்தப்போய் அதனினும் பெரிய கேட்டை வரவழைத்ததாக முடியும்.

செவிக்குப் புலப்படாததைக் கை அறியும். இதற்கு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகள் இரண்டுக்கும் கட்டை அணைத்து, பின்புறத்தை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்தவேண்டும். செங்கற்களை அடுக்குவது கூடாது. மைனரைப் போலக் கைப்பிரேக் பின் சில்லுகளைப் பற்றும் வண்டிகளில், அச்சில்லுகள் உயர்ந்த பின்னர் அது வண்டியை நிறுத்த உதவாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எஞ்சினை நிறுத்தி, கியரில் இட்டு, கைப்பிரேக்கை விடுவித்து, ஒரு சில்லைக் கையால் முன்னோக்கிச் சுழற்றினால் மற்றையது பின்னோக்கிச் சுழலும். டிபரென்ஷலின் பெரிய பற்சில்லும் நீண்ட தண்டும் அசையா. அப்பொழுதும் அரைப்பொலி கேட்குமாயின், குற்றம் பெரும்பாலும் பேரிங்கிலோ டிரம்மிலோ உள்ளது. பின்னர் கியரை விடுவித்து, இருவர் இரு சில்லுகளையும் ஒரே திசையிற் சுழற்றிப் பார்க்கலாம். இப்பொழுதுதான் ஓசை பிறக்கிறதென்றால், டிபரென்ஷலையோ நீண்ட தண்டையோ நாடவேண்டும். சில்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பற்றி அசைத்தால் பேரிங்கின் தளர்ச்சி வெளிப்படும்.

டிரம்மைக் கழற்றுவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் நலம். பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைப்பதாதலால், காற்றடித்தோ ஊதியோ துப்புரவு செய்யாமல், ஈரத்துணியினால் துடைத்தெடுக்கவேண்டும். கராஜ்களிலே காற்றுக் குழாயைப் பிடித்து இதனைச் செய்யும் வழக்கம் இளம் வேலையாட்களுக்குத் தீங்கு தருவதாகும்.

பிரேக் மிதி வழமையினும் ஆழமாகத் தாழ்தல், பிரேக் எண்ணெய் குறைதல், ஒரு சில்லின் பக்கம் மட்டும் கருகல் நாற்றமும் வெப்பமும் வீசுதல், சில்லு தள்ளாடுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் அரைப்பொலியோடு சேர்ந்து தோன்றின், அவ்வண்டியைக் கராஜுக்கும் ஓட்டிச் செல்லலாகாது. இழுத்தே கொண்டு செல்லுதல் வேண்டும். லைனரை மாற்றும்போது ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கின்போது ஒருபக்கம் இழுக்கும். ஆகையால் இருபுறமும் சேர்த்தே மாற்றுவது முறை. டிரம்மில் ஆழமான சால் விழுந்திருந்தால் கடைசல் பிடித்தோ புதியது பூட்டியோ ஆகவேண்டும். புதிய லைனர் டிரம்மோடு இணங்கிப் படியும்வரை சில நாட்களுக்கு மெல்லிய உரசலோசை கேட்கக்கூடும். அக்காலத்தில் மலையிறக்கங்களைத் தவிர்த்து, சமதரையிலே மென்மையாகப் பிரேக் பிடித்துப் பழக்குவது வழக்கம்.