செயற்கை மூட்டின் முதல் எதிரி யார், தெரியுமா?

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளையும் செயற்கை முட்டியோடு சுற்றி வருகிற தாத்தா பாட்டிகள் இன்று எத்தனையோ பேர்! முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே மூட்டு மாற்று ஆபரேஷன் உண்டு. அந்த உலோக மூட்டின் பெரிய எதிரி எங்கே குடியிருக்கிறது தெரியுமா? நம் தோலில்தான்! ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். பிறந்ததிலிருந்து நம்மோடு சாதுவாக வாழும் கிருமி அது. உலோகத்தைக் கண்டால் மட்டும் ஆளே மாறிவிடும்!

1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் திகைப்பு. மனிதத் தோலில் சீழ் வைக்கப் பல லட்சம் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. கூடவே ஒரு தையல் நூல் கிடந்தால்? சில நூறே போதும்! அந்நியப் பொருளுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, காவலுக்கு வெள்ளையணுவும் இல்லை. கிருமி அதில் ஒட்டி, தன்மேல் கொழகொழவென்று ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். அதற்குள் பதுங்கியதைக் கொல்ல, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்துகூடப் போதாது!

1960களில் இங்கிலாந்தின் டாக்டர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றத் தொடங்கியபோது நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குச் சீழ் பிடித்தது. காற்றை வடிகட்டி, உடல் முழுதும் மூடிய உடுப்போடு ஆபரேஷன் செய்தார். சுமார் பத்து ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது! ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் என்ற டாக்டர், மூட்டை எலும்பில் பதிக்கும் சிமெண்ட்டிலேயே ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்தார். சிமெண்ட் இறுகும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டையும் தாங்கும் மருந்து அது!

சீழ் பிடித்தே விட்டால்? முதல் சில வாரங்களுக்குள் என்றால் திறந்து, கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டை மாற்றி மூட்டைக் காப்பாற்ற முடியும். நாள்பட்டுவிட்டால் பெரும்பாலும் மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட் கட்டியை அந்த இடத்தில் வைத்து, பல வாரம் கழித்துப் புது மூட்டு. படலத்துக்குள் புகுந்து ஸ்டாஃபைலோகாக்கஸை அடிக்கும் வீரன் யார் தெரியுமா? நம் ஊர் காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசின்! அதற்குப் பெயர் வந்தது ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சு சினிமாவிலிருந்து! ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே எதிர்ப்பு கற்றுவிடும். துணை மருந்து கட்டாயம்.

நடவு வயல் சூழ்ந்த நம் பகுதியில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேற்றுப்புண், பித்தவெடிப்பு, நகச்சுற்று, சொத்தைப் பல் எல்லாமே கிருமிக்கு வாசல்! “அம்மா, கால் புண் ஆறட்டும், சர்க்கரை இறங்கட்டும்” என்று டாக்டர் ஆபரேஷன் தேதியைத் தள்ளினால் கோபிக்காதீர்கள். வீட்டிலேயே முட்டியை பிளேடால் மழித்துக்கொண்டும் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும்.

மாற்றிய முட்டி சிவந்து, வீங்கி, தையலில் நீர் கசிந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்! மருந்து உள்ளே போனால் மூட்டு நீர்ப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே ஓடுங்கள், அன்றைக்கே.