வெடிப்பை மறைக்காத தச்சர்



நம் பள்ளி நூலகத்தின் நடுவே கிடக்கும் நீண்ட தேக்கு மேசையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். சென்ற கோடை விடுமுறை முடிந்து நாம் திரும்பியபோது, அதன் நடுப்பலகையில் இரண்டு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. மேசையைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டு இரும்பு மேசை வாங்கலாம் என்றனர் சிலர். மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது என்றனர் வேறு சிலர். மனையியல் பயிலும் நாங்களும் சன்மைக்காவின் பக்கமே நின்றோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறை அலங்காரம் என்ற பாடத்தில் நாங்கள் கற்றதெல்லாம் திரைச்சீலையின் நிறமும் பூச்சாடியின் இடமுமே!

மேசையைப் பார்க்க வந்த ஆசாரி ஐயா, வெடிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். "தகடு ஒட்டினா மேலே தெரியாது சிஸ்டர். ஆனா உள்ளே வெடிப்பு ஓடிக்கிட்டேதான் இருக்கும். மூணு இடத்துல கட்டை பதிச்சு நிறுத்திடலாம். கட்டை வெளியே தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

பரவாயில்லையா என்ற அந்தக் கேள்வியே எங்களை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது. அன்று மாலை நூலகச் சகோதரி எங்களிடம் ஒரு படத்தைக் காட்டினார். அதில் ஒரு பெரிய மேசை. அதன் நடுவே வெடிப்பு. வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவில் சிறு கட்டைகள் பளிச்சென்று பதிக்கப்பட்டிருந்தன. அதைச் செய்தவர் அமெரிக்க நாட்டவரான ஜார்ஜ் நகஷிமா. கட்டடக் கலைஞராயிருந்தும் தம்மை மரவேலைக்காரர் என்றே சொல்லிக்கொண்டவர்.

இவர் 1905-இல் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். கட்டடக் கலையில் உயர்பட்டம் பெற்றபின் பாரிசிலும் டோக்கியோவிலும் சில ஆண்டுகள் கழித்தார். டோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலைதான் இவரை 1937-இல் நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரிக்கு அனுப்பியது என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பு தாங்கவில்லை.

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் தங்குவோருக்காக எழுந்த 'கோல்கொண்டே' என்னும் விடுதியே அப்பணி. ஐதராபாத் நிஜாமின் நன்கொடை கிடைத்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது. புதுச்சேரியின் வெயிலும் புழுக்கமும் நாம் அறியாதவை அல்லவே! எனவே கட்டடத்தின் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் நோக்கி அமைத்தனர். கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாக, திருப்பித் திறந்து மூடக்கூடிய சிமெண்டுப் பலகைகளை வரிசையாகப் பொருத்தினர். வெயில் தடுக்கப்படும், காற்று தாராளமாக உள்ளே வரும். உட்கதவுகள் தேக்கினால் ஆன நகர்த்தும் கதவுகள். அவற்றின் இடுக்குகளின் வழியே காற்று அறையைக் கடந்து செல்லும். அறையில் ஓர் எளிய கட்டில், எழுதுமேசை, நாற்காலி ஆகியவற்றைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. கதவு, சன்னல்களுக்கு வேண்டிய பித்தளைச் சாமான்களை, அன்பர்கள் கொடுத்த வீட்டுப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தனராம். ஒருவர் வீட்டுக் குடமோ செம்போ இன்று யாரோ ஒருவர் அறையின் தாழ்ப்பாளாக இருக்கிறது! நகஷிமா அங்கே தம் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லி, ஆசிரமத்தாருள் ஒருவராகவே வாழ்ந்தார். 'சுந்தரானந்தா' என்ற பெயரும் பெற்றார்.

1939-இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அமெரிக்கா திரும்பியதும், கட்டடங்களை வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்ற முறை அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையாலேயே செய்யக்கூடிய தொழில் வேண்டுமென்று மரவேலையைத் தேர்ந்தார். அப்போது அவரிடம் பட்டறை ஏது? சியாட்டில் நகரில் மேரிநோல் சபைக் குருக்கள் நடத்திய சிறுவர் மன்றத்தின் கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தது. வாடகைக்கு ஈடாக அவர் அங்குள்ள சிறுவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. அமெரிக்காவும் ஜப்பானும் போரில் இறங்கின. 1942-இல், மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். யாரும் எக்குற்றமும் செய்தவரல்லர். நகஷிமாவும், மனைவி மரியனும், அவ்வாண்டு பிறந்த கைக்குழந்தை மீராவும் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்திலிருந்த மினிடோகா முகாமுக்குச் சென்றனர். தார்த்தாள் போர்த்திய மரக்கொட்டகைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, புழுதிக் காற்று.

இங்கேதான் அவருடைய கலை பிறந்தது என்பது எங்கள் எண்ணம். முகாமில் கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரை அவர் கண்டார். ஜப்பானிய மரபில் நன்கு பயின்றவர் அவர். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர், அத்தச்சரின் கையாளாக அமர்ந்து கைவாளையும் உளியையும் இழைப்புளியையும் பிடிக்கும் முறையைக் கற்றார். நல்ல மரம் எங்கே கிடைக்கும்? கட்டட வேலையில் கழித்துப் போட்ட துண்டுகளும், பாலைநிலத்துப் புதர்களின் முறுக்கேறிய கட்டைகளுமே கிடைத்தன. அவற்றைக் கொண்டே இருவரும், கொட்டகை அறையை மனிதர் வாழும் இடமாக மாற்றுவது எப்படி என்று காட்ட ஒரு மாதிரி வீட்டை அமைத்தனர். வேலிக்குள் அடைபட்டவருக்கு அலங்காரம் ஒரு கேடா என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குழந்தை தவழும் இடம் அது, தாய் உட்கார்ந்து பாலூட்டும் இடமும் அதுவே என்று நினைத்தபோது அக்கேள்வி எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

1943-இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவிலுள்ள நியூ ஹோப் என்ற ஊரில் குடியேறினார். வீட்டையும் பட்டறையையும் அங்கேயே எழுப்பினார்.

இனி அந்த உடுக்கைக் கட்டைக்கு வருவோம். வெட்டிய மரத்திலிருந்து நீர் வற்றும்போது மரம் சுருங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு, அகலவாட்டிலோ அதிகம். அதனால்தான் பலகை நீளப்போக்கில் வெடிக்கிறது. வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவில் பள்ளம் தோண்டி, அதே வடிவில் கடினமான கட்டையை இறுகப் பதிக்கிறார்கள். கட்டையின் ரேகை வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். இல்லையேல் அதன் இடை ஒடிந்துவிடும். இரு முனைகளும் அகன்றிருப்பதால் பலகை விலக முயன்றாலும் கட்டை விடாது. ஆங்கிலேயர் இதை வண்ணத்துப்பூச்சி என்று அழைப்பர். உடுக்கை என்பது இன்னும் பொருத்தமான பெயர் என்போம்.

மற்றவர்கள் விறகென்று தள்ளும் கணுவும் பொந்தும் வெடிப்பும் கொண்ட மரங்களை நகஷிமா தேடி வாங்கினார். முழு மரமாகவே வாங்குவார். அறுக்கும்போது தாமே நின்று வாள் எப்பக்கம் ஓட வேண்டும் எனச் சொல்வார். ஒரு தவறான வெட்டு போதும், நூறு ஆண்டு வளர்ந்தது வீணாகிவிடும். அறுத்த பலகைகளை வரிசை மாறாமல் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலர விடுவார். மேசையின் ஓரத்தை நேராக வெட்டாமல், மரம் வளர்ந்த வளைவையே விட்டுவைப்பார். யாருக்காகச் செய்தாரோ அவர் பெயரை மேசையின் அடிப்புறத்தில் எழுதி வைப்பதும் அவர் வழக்கம்.

விலை குறைந்ததல்ல அவர் செய்த மேசை. எல்லார் வீட்டுக்கும் அது எட்டாது என்பதும் உண்மையே. ஆயினும் முறை எட்டாததன்று.

முதுமையில் அவருக்கு ஒரு கனவு இருந்தது. ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேசை செய்ய வேண்டும் என்பதே அது. மாபெரும் வால்நட் மரத்தில் செய்த முதல் மேசை, 1986-இல் நியூயார்க் நகரின் புனித யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1990-இல் அவர் காலமானார். முகாமில் தவழ்ந்த மகள் மீரா பட்டறைப் பொறுப்பை ஏற்றார். ஆசியாவுக்கான மேசை 1996-இல் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.

நம் நூலக மேசைக்கு ஆசாரி ஐயா இரண்டு நாள் வேலை செய்தார். மூன்று கட்டைகளையும் பழைய தேக்குச் சட்டம் ஒன்றிலிருந்து எடுத்தார். வேலை முடிந்ததும், மேசையின் அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள் என்று நாங்கள் வற்புறுத்தினோம். "எனக்கு எதுக்கு கண்ணு?" என்று சிரித்தார். பிறகு குனிந்து பார்த்து, முன்பு அதைச் செய்தவர் உளியால் இட்ட ஒரு சிறு குறி அங்கே இருப்பதை எங்களுக்குக் காட்டினார். அதற்குப் பக்கத்தில் பென்சிலால் தேதியை மட்டும் எழுதினார்.