கேத்தியிலிருந்து பனியாறு தேடி ஒரு நாள்

போன ஜனவரியில் சென்னையிலிருந்து வந்த என் நண்பன், கேத்தி ஸ்டேஷனில் மலை ரயிலை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி இது: "மச்சி, ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி இங்க கிளேசியர் ஏதாவது இருக்காடா?"

சிரிக்காதீங்க. எங்க ஊர்ப் பக்கத்தை 'இந்தியாவின் சுவிட்சர்லாந்து'னு விளம்பரம் பண்றாங்க. கொஞ்ச தூரத்துல அவலாஞ்சினு ஒரு இடமே இருக்கு. அந்தப் பெயர் வந்தது பனிச்சரிவால் இல்லை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய மண்சரிவால். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

நேரான பதில், இல்லை. பனியாறு உருவாகணும்னா விழுந்த பனி கோடை முழுக்கக் கரையாமல் தங்கணும். வருஷா வருஷம் அது மேல புதுப் பனி ஏறி, அடிப்பனி நசுங்கிக் கெட்டிப் பனிக்கட்டியாகி, தன் எடை தாங்காமல் மெதுவாக நகர ஆரம்பிக்கணும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அது நடக்க 4,500 மீட்டருக்கு மேல் உயரம் வேணும். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

இருந்தாலும், "காலைல நாலரைக்கு எந்திரி, காட்டுறேன்"னு சொன்னேன்.

ஊட்டி தாண்டி, கூடலூர் ரோட்டில் தலைக்குந்தா. விடியும்போது புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளை. அவன் உடனே போனை எடுத்து 'ஊட்டியில் ஸ்னோ'னு டைப் பண்ண ஆரம்பிச்சான். டிவிக்காரர்களும் வருஷா வருஷம் இதைத்தான் செய்றாங்க. இது ஸ்னோ இல்லை, உறைபனி. வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில், தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். போர்வை மாதிரித் தடுக்க மேகம் இல்லை. புல்லின் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போனதும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் நேரடியாகப் பனிக்கட்டியாகப் படியும். நாலடி உயரத்தில் தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே தரையில் இது நடக்கும்.

குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கிற தேயிலை தப்பிக்கும், பள்ளத்தில் இருக்கிறது கருகும். எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான தேயிலை. கீழ்ப்பக்கம் நாலு வரிசை ஒரே ராத்திரியில் போனதை நான் பார்த்திருக்கேன். அப்பா சொல்வார், "பனியை விட, அது மேல அடிக்கிற வெயில்தான்டா பயம்." உறைந்த இலையில் சட்டென்று வெயில் பட்டால், மத்தியானத்துக்குள் அது சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிடும். அதனால் சூரியன் வரும் முன்னாடியே தண்ணீர் தெளிப்போம்.

எட்டு மணிக்கெல்லாம் புல் மறுபடி சாதாரணப் புல் ஆகிவிட்டது. "அவ்வளவுதானா?"னு கேட்டான். இன்னும் கொஞ்சம் தள்ளி, செம்மறி ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிற சாண்டிநல்லாவுக்குப் போனோம்.

அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஈரமான பள்ளம், அவ்வளவுதான். ஆனால் கீழே இருக்கிறது பீட் மண். தேங்கின நீரில் விழுந்த புல்லும் இலையும் காற்றுப் படாததால் முழுசாக மக்காமல், அடுக்கு மேல் அடுக்காகக் கருப்பாகச் சேர்ந்திருக்கு. ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரியின் இந்த மண்ணில் இருக்கிற கார்பனை அளந்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஈரத்தை விரும்பும் செடிகளும், வறட்சியைத் தாங்கும் புற்களும் கார்பன்-13ஐ வேறு வேறு அளவில் சேர்த்துக்கொள்ளும். அந்த அளவை வைத்து எந்த அடுக்கில் எது வளர்ந்தது என்று சொல்லலாம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், உலகத்தின் வடக்கே பனிப்பாளங்கள் உச்சத்தில் இருந்தபோது, இங்கே வறட்சிப் புல்தான் அதிகம். அதாவது பருவமழை பலவீனமாக இருந்தது. அந்தப் பனி நீலகிரிக்கு வரவே இல்லை. ஆனால் அது இருந்த காலத்தின் கணக்கு இந்தச் சேற்றில் இருக்கு.

நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான், "உங்க கேரட் காடும் இதே மாதிரி பள்ளத்துலதானே இருக்கு?"

ஆமாம். தாத்தா காலத்தில் அது எருமை புதையுற சதுப்பு. வடிகால் வெட்டி, உழுது, மூணு தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். மண் கருப்பாக இருந்தால் கேரட் நன்றாக வரும் என்று பெருமையாகச் சொல்வோம். நீலகிரியில் நிறைய சதுப்புகள் இப்படித்தான் தோட்டமாயின. அதில் என்ன எழுதியிருந்ததோ, உழுது கலைத்த பிறகு யாரும் படிக்க முடியாது. காலேஜ் ஃபீஸ் அந்தக் கேரட்டில்தான் கட்டினேன், அதையும் சொல்லணும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அப்பா கீழ் வரிசையில் குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாள் தப்பித்தோம்.